இரு குப்பிகளும் ஒரு கொப்பியும்

வீரமுனையில் ஒரு வீட்டின் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இரண்டு கண்ணாடிக் குப்பிகள் அருகருகே நின்றன. ஒன்று தந்தையினுடையது, மற்றொன்று மகனுடையது. இரண்டும் பெருவிரல் அளவின. இரண்டின் வாயும் இறப்பரால் அடைக்கப்பட்டு உலோக வளையத்தால் இறுக்கப்பட்டவை. இரண்டிலுமிருந்து மருந்தை எடுப்பதற்கு ஒரே வகையான மெல்லிய ஊசியே வேண்டும். அவ்வூசி சென்று சேரும் இடமும் தோலுக்குக் கீழுள்ள கொழுப்புப் படையே. இரசாயன நூல்களைப் புரட்டினால் இரண்டும் ஒரே குலத்தைச் சேர்ந்த பொருள்கள் என்பதும் புலனாகும். ஆயினும் அவ்விரு குப்பிகளுக்கும் இடையிலிருந்த தூரம் மிகப் பெரிது. அத்தூரம் எத்தகையது என்பதை அறிந்துகொள்வது, உடலை வளர்க்கவும் இளமையை நீட்டிக்கவும் ஊசியை நாடும் இக்காலத்தில் இன்றியமையாததாகின்றது.

வீரமுனை சம்மாந்துறையை அடுத்து வயல்கள் சூழ அமைந்த ஊர். சீர்பாததேவி வந்த கப்பல் தங்கிய இடத்தில் எழுந்தது என ஐதிகம் கூறும் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயில் அவ்வூரின் நடுநாயகமாய் விளங்குகின்றது. பெரும்போகமும் சிறுபோகமுமே ஊரின் நாட்காட்டி. கடைத்தெரு வேண்டுமாயின் சம்மாந்துறை. அதற்கும் மேலே வேண்டுமாயின் கல்முனை. அண்மைக் காலங்களில் அந்நகர்ப்புறங்களில் உடற்பயிற்சி நிலையங்கள் பெருகியுள்ளன. மாலை வேளைகளில் தமிழ் இளைஞரும் முஸ்லிம் இளைஞரும் ஒரே இரும்பை மாறிமாறித் தூக்குகின்றனர். உடலைப் பேணும் ஆர்வம் குறைகூறத்தக்கதன்று. சீனி வருத்தமும் மாரடைப்பும் வீட்டுக்கு வீடு பேசப்படும் ஒரு பிரதேசத்தில் அது வரவேற்கத்தக்கதேயாகும். ஆயின் அவ்வார்வத்தின் பின்னால் ஒரு சந்தையும் மெல்ல மெல்ல வந்து சேர்ந்துவிடுகின்றது.

அவ்வீட்டுத் தந்தை நெல் விவசாயி. பதினெட்டு ஆண்டுகளாகச் சீனி வருத்தம் அவரைத் தொடர்கின்றது. முதற் பத்தாண்டுகள் குளிசையோடு கழிந்தன. பின்னர் இன்சுலின் ஊசி வந்தது. மாதந்தோறும் அரச வைத்தியசாலைக் கிளினிக்குக்குச் சென்று வருவார். ஓரம் மடங்கிப் பொலித்தீன் உறையொன்றினுள் பேணப்படும் கிளினிக் கொப்பியை அவருடைய இரண்டாவது அடையாள அட்டை எனலாம். எந்நாளில் குருதியிற் சீனி எவ்வளவு இருந்தது, எந்த வைத்தியர் எத்தனை அலகு கூட்டினார், எப்போது குறைத்தார், வயலில் மயங்கி விழுந்தது எந்த மாதத்தில் என்பனவெல்லாம் அக்கொப்பியில் உள. வெவ்வேறு கையெழுத்துகளால் எழுதப்பட்ட ஒரு வாழ்க்கை வரலாறு அது.

மகன் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது உயர்தரத்தோடு படிப்பை நிறுத்திக் கட்டாருக்குச் சென்றவன். பகலில் களஞ்சியமொன்றிற் பாரம் ஏற்றி இறக்கும் வேலை, இரவில் உடற்பயிற்சி. ஒருநாள் வலத் தோளில் ஏதோ அறுந்தாற்போன்ற வலி உண்டாயிற்று. அதன் பின்னர் கையைத் தலைக்கு மேல் உயர்த்த முடியவில்லை. தோள் அவனுக்கு அழகு மாத்திரமன்று, சம்பளமும் அதுவே. வேலை நின்றால் விசா நிற்கும். விசா நின்றால் வீட்டுக் கடன் நிற்காது. இந்நிலையில் அறை நண்பனொருவன் கைத்தொலைபேசித் திரையில் ஒரு மருந்தைக் காட்டினான். கிழிந்த தசைநாரை ஒட்டும், மூட்டைப் புதுப்பிக்கும், முதுமையையும் தள்ளிப்போடும் என்பன அதற்குக் கூறப்பட்ட பெருமைகள். பி.பி.சி. 157 என்பது பெயர். வாங்கிய குப்பியில் வெண்ணிறத் தூள் இருந்தது. அதன்மீது மிகச் சிறிய ஆங்கில எழுத்துகளில், ஆராய்ச்சித் தேவைக்கு மாத்திரம் உரியது, மனிதப் பாவனைக்கு உரியதன்று என்று அச்சிடப்பட்டிருந்தது. மூன்று வாரம் ஊசி ஏற்றிக்கொண்டபின் இரண்டு மாத விடுமுறையில் ஊர் வந்தான். எஞ்சிய ஒரு குப்பி அவனுடன் வந்தது. வலி முன்னிலும் குறைந்திருந்தது.

தந்தைக்குக் கண்பார்வை மங்கத் தொடங்கியிருந்தமையால், ஊசிக் குழாயின் கோடுகளை எண்ணி இன்சுலினை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை விடுமுறைக் காலத்தில் மகனே ஏற்றான். நாள்தோறும் காலையிற் கொப்பியை விரித்துப் பார்ப்பான். இருபது அலகு என்று உறுதிசெய்வான். குழாயை வெளிச்சத்துக்கு உயர்த்திக் காற்றுக் குமிழியைத் தட்டி நீக்குவான். ஒருநாள் தந்தை கதவிலிருந்த மற்றைக் குப்பியைத் தடவி எடுத்தார்.

“இது ஆருக்கு மகன்?”

“எனக்குத்தான் அப்பா. தோளுக்கு.”

“இதுக்குக் கொப்பி எங்க?”

மகனிடம் விடையில்லை. படிப்பறிவு குறைந்த ஒரு விவசாயி கேட்ட அவ்வினா, உலகின் பெரிய மருந்து ஒழுங்குபடுத்தல் நிறுவனங்கள் கேட்கும் வினாவேயாகும்.

பெப்டைட்டு என்பது அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்ட ஒரு சிறு தொடர். இருபது வகைப் பூக்களை வெவ்வேறு ஒழுங்கில் வைத்துத் தொடுக்கும் மாலைகளோடு இதனை ஒப்பிடலாம். மாலை மிக நீண்டால் அது புரதம் எனப் பெயர்பெறும். இன்சுலின் இரண்டு சரங்களாக அமைந்த 51 அமினோ அமிலங்களாலானது. பிரசவ விடுதியிற் பயன்படும் ஒக்சிரோசினில் 9 உள. பி.பி.சி. 157இல் 15 உள. உடல் தன் உறுப்புகளுக்கிடையே செய்திகளை அனுப்புவதற்கு இத்தகைய தொடர்கள் பலவற்றைப் பயன்படுத்துகின்றது. இவற்றுட் பெரும்பாலானவற்றை வாயால் விழுங்கிப் பயனில்லை. உண்ட மீனையும் இறைச்சியையும் சிதைப்பதுபோலவே இரைப்பையும் குடலும் இவற்றையும் சிதைத்துவிடும். ஊசி வேண்டப்படுவது இதனாலேயே. ஆகவே பெப்டைட்டு என்ற சொல் நன்மையையும் குறிப்பதில்லை, தீமையையும் குறிப்பதில்லை. நஞ்சிலும் பெப்டைட்டு உண்டு, அமுதிலும் உண்டு.

தந்தையின் குப்பிக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. 1921இல் ரொறன்ரோ நகரில் பன்ரிங், பெஸ்ற் ஆகியோர் நாயின் சதையியிலிருந்து எடுத்த சாற்றோடு அவ்வரலாறு தொடங்குகின்றது. 1922 ஜனவரி 11ஆம் நாள், மரணத்தின் விளிம்பிலிருந்த லெனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி ஏற்றப்பட்டது. அது வெற்றி பெறவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. சாறு தூய்மையற்றிருந்தமையால் ஊசி ஏற்றிய இடத்திற் சீழ்க்கட்டி தோன்றியது. சீனியும் போதியளவு குறையவில்லை. ஏற்றுவது நிறுத்தப்பட்டது. கொலிப் என்னும் இரசாயனவியலாளர் இரவு பகலாக அதனைத் தூய்மைப்படுத்திய பின்னர், ஜனவரி 23ஆம் நாள் மீண்டும் ஏற்றப்பட்டபோதே சிறுவன் தேறினான். அதன் பின்னர் அளவைத் தரப்படுத்தினர், அலகை வரையறுத்தனர், அமினோ அமிலங்களின் ஒழுங்கை வெளிப்படுத்திய சாங்கர் 1958இல் நோபெல் பரிசு பெற்றார். 1982இல் பற்றீரியாவைக் கொண்டு ஆக்கிய மனித இன்சுலின் பாவனைக்கு வந்தது. வீரமுனைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்த சிறு குப்பியிலே இத்தனை பேரின் உழைப்பும் தவறும் திருத்தமும் அடங்கியிருந்தன. கிளினிக் கொப்பி அந்நெடிய வரலாற்றின் இறுதிப் பக்கமேயாகும்.

மகனின் குப்பிக்கும் முன்னோர் உண்டு. அவர்களுட் குறிப்பிடத்தக்கவர், 1817இல் மொரீசியசுத் தீவிற் பிறந்து பிரான்சிற் பெரும் புகழ் பெற்ற உடற்றொழிலியலாளர் பிறவுண் செக்காட். 1889 ஜூன் மாதம், தமது 72ஆம் வயதில், பாரிசு அறிஞர் அவையின் முன் எழுந்த அவர், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைச் சாற்றைத் தமக்கே ஊசியால் ஏற்றிக்கொண்டதாகவும், அதனால் இழந்த வலிமை மீண்டதாகவும் அறிவித்தார். அச்செய்தி கண்டங்களைக் கடந்து பரவியது. அத்தகைய சாறுகளை விற்போர் பெருகினர். அவர் ஏற்றிய சாற்றில் பயன்தரத்தக்க அளவு ஓமோன் இருந்திருக்க முடியாது எனப் பிற்கால ஆய்வு காட்டிற்று. பேரறிஞரொருவர் தம் உடலையே சான்றாகக் கொண்டு தம்மையே ஏமாற்றிக்கொண்டார் என்பதே அதன் பொருள். அறிவு மிகுதி இம்மயக்கத்துக்குக் காவலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் காண்பதரிது.

இரண்டாவது உதாரணம் வளர்ச்சி ஓமோன். 1950களின் இறுதியிலிருந்து, இறந்தோரின் கபச்சுரப்பிகளிலிருந்து பிரித்தெடுத்த இவ்வோமோன் வளர்ச்சி குன்றிய சிறுவர்க்கு ஏற்றப்பட்டு வந்தது. பலர் உண்மையாகவே வளர்ந்தனர். ஆயின் 1985இல், பல ஆண்டுகளுக்கு முன் ஊசி பெற்ற இளைஞர் சிலர் குறொய்ற்ஸ்பெல்ற் யாக்கோப் என்னும் கொடிய மூளை நோயால் இறந்தமை வெளியாயிற்று. இறந்தோரின் சுரப்பியிலிருந்த நோய்க்காரணி மருந்தோடு கலந்து சென்றிருந்தது. பிரான்சில் மாத்திரம் நூற்றுக்கு மேற்பட்டோர் இவ்வாறு மாண்டனர். நன்மை உடனே தெரிந்தது. தீமை ஆண்டுகள் கழித்தே வந்தது. ஊசி ஏற்றி மூன்று வாரத்தில் ஒன்றும் நேரவில்லை என்பது எவ்வளவு மெல்லிய ஆறுதல் என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

பின்னர் மரபணுத் தொழினுட்பத்தால் ஆக்கிய தூய வளர்ச்சி ஓமோன் கிடைத்தது. 1990இல் றட்மன் குழுவினர் 60 வயதைக் கடந்த 21 ஆண்களை ஆராய்ந்து, அவர்களுள் 12 பேருக்கு ஆறு மாதம் அதனை ஏற்றியதிற் கொழுப்புக் குறைந்து தசை கூடியதாக வெளியிட்டனர். அச்சிறிய ஆய்வு முதுமையை வென்ற செய்தியாகச் சந்தையில் உருமாறிற்று. அதனை வெளியிட்ட சஞ்சிகையே 2003இல், தன் கட்டுரை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்தப்படுவதைக் கண்டிக்க நேர்ந்தது. கூடிய தசை வலிமையாகவும் நீண்ட ஆயுளாகவும் மாறுமா என்ற வினாவுக்கு அவ்வாய்வு விடை கூறவேயில்லை. வாங்கியோர் அவ்விடையையும் சேர்த்தே வாங்கியதாக எண்ணிக்கொண்டனர்.

இன்று இச்சந்தை முன்னெப்போதினும் பெருகியதற்கு ஓர் உண்மையான வெற்றியே காரணம். அமெரிக்கப் பாலைநிலத்து நச்சுப் பல்லியொன்றின் உமிழ்நீரிற் காணப்பட்ட பெப்டைட்டிலிருந்து 2005இல் ஒரு நீரிழிவு மருந்து பிறந்தது. அதே வழியில் வந்த செமகுளுரைட்டு உடற்பருமனைக் குறைப்பதிலும் வியத்தகு பயனளித்தது. 2021இல் வெளியான ஆய்வொன்றில் 1961 பேர் பங்குகொண்டனர். மருந்து பெற்றோர் 68 வாரத்திற் சராசரியாக உடல்நிறையில் 14.9 வீதத்தை இழந்தனர்; மருந்தற்ற வெறும் ஊசி பெற்றோர் இழந்தது 2.4 வீதம். 2023இல் வெளியான பிறிதோர் ஆய்வில் 17,604 பேர் பங்குகொண்டனர். அவர்களிடையே மாரடைப்பு, பக்கவாதம், இருதய நோயால் நேரும் மரணம் ஆகியன ஐந்திலொரு பங்கு குறைந்தமை நிறுவப்பட்டது. இதுவே சான்று எனப்படுவது. குமட்டல், வாந்தி முதலாய பக்கவிளைவுகளும் அதே ஆய்வுகளில் எண்ணி எழுதப்பட்டன. ஆயின் சந்தை இவ்வெற்றியின் ஒளியைத் தன்மீதும் வீழ்த்திக்கொள்கின்றது. பெப்டைட்டு பலனளிக்கும் என்று நிறுவப்பட்டுவிட்டது என்கின்றது. ஒரு மாலை மணப்பதால் மாலைகள் யாவும் மணக்கும் என்று கூறுவது போன்றதே இவ்வாதம்.

பி.பி.சி. 157இன் நிலை யாது? மனித இரைப்பைச் சாற்றிலுள்ள புரதமொன்றின் பகுதியாக அதனை 1990களில் குரோசியாவின் சாகிரெப் நகர ஆய்வாளர் விவரித்தனர். எலிகளில் தசைநார், குடல், எலும்பு ஆகியன விரைந்து ஆறியதாகக் கூறும் ஆய்வுகள் பல உள. அவற்றிற் பெரும்பாலானவை அவ்வொரு குழுவினரிடமிருந்தே வந்தவை. மனிதரில் நிகழ்ந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கன; அவையும் ஒரு சிலரை மாத்திரம் கொண்ட சிற்றாய்வுகள். புதிய குருதிக் குழாய்களைத் தோற்றுவிக்கும் இயல்பு இதற்கு உண்டு என விலங்காய்வுகள் பேசுகின்றன. அவ்வியல்பு காயத்தை ஆற்ற உதவலாம். உடலில் மறைந்திருக்கும் கட்டியொன்றுக்கும் உணவூட்டலாம். இரண்டில் எது நிகழும் என்பதை நீண்ட காலம் மனிதரைத் தொடர்ந்து நோக்கியே அறியலாம். அவ்வாறு நோக்கியவர் இலர். உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகவரகம் 2022இல் இதனைத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலிற் சேர்த்தது. அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2023இல், மருந்தகங்கள் கலந்து கொடுப்பதற்குப் பாதுகாப்பு ஐயமுள்ள பொருள்களுள் ஒன்றாக இதனை வகைப்படுத்தியது. இத்தகைய கட்டுப்பாடுகளைத் தளர்த்த வேண்டும் என்னும் அரசியற் குரலும் அங்கு எழுந்துள்ளது. குரல் எழுவதால் ஆய்வு நிறைவுற்றுவிடாது.

ஆயினும் மகனின் வலி குறைந்தது என்னும் உண்மையைத் தட்டிக்கழித்தல் முறையன்று. அவன் பொய் கூறவில்லை. ஆயின் அதே காலத்தில் வேறொன்றும் நிகழ்ந்தது: பாரம் தூக்குவது நின்றது. வலியால் மெல்லிய வேலைக்கு மாற்றப்பட்டான். பின்னர் விடுமுறையில் வந்து தாயின் கையால் உண்டு உறங்கினான். தோளை ஆற்றியது குப்பியா, ஓய்வா? அவனால் ஒருபோதும் அறிய முடியாது. அவனுக்கு மருந்தைக் காட்டிய நண்பனாலும் அறிய முடியாது. காயம் பெரும்பாலும் காலத்தால் ஆறும் இயல்புடையது; ஆறும் வேளையில் எது கையிலிருந்ததோ அது புகழைப் பெறுகின்றது.

இதனைத் தந்தை நன்கு அறிவார், மருத்துவத்தாலன்று, வயலால். பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வரும் புதிய வர்க்கமாயினும், அவர் எடுத்த எடுப்பில் ஐந்து ஏக்கரிலும் விதைப்பதில்லை. சான்றுச் சீட்டில்லாத விதைநெல் மூடையைத் தொடுவதுமில்லை. புதியதை ஒரு வரவையிலும் பழையதை அடுத்த வரவையிலும் விதைப்பார். ஒரே நீர், ஒரே பசளை, ஒரே போகம். அதன் பின்னரே விளைச்சலை அளந்து தீர்ப்புக் கூறுவார். நல்ல மழை பெய்த ஆண்டில் விதையைப் புகழ்ந்து ஏமாந்தவர்களை அவர் கண்டிருக்கின்றார். நோயாளரை எழுமாற்றாக இரு கூறாகப் பிரித்து, ஒரு கூறுக்கு மருந்தும் மறுகூறுக்கு வெறும் ஊசியும் கொடுத்து ஒப்பிடும் முறை, இவ்விரு வரவைகளின் நுட்பமான வடிவமே. இதற்கு மாறாக, மகன் தன் உடல் முழுவதையும் ஒரே நாளில் விதைத்துவிட்டான். ஒப்பிடுதற்கு அவனிடம் வேறோர் உடல் இல்லை.

பெப்டைட்டு தன்னளவிற் பயனுடையதே என ஒப்புக்கொண்டாலும், குப்பியினுள் இருப்பது அதுதானா என்ற வினா எஞ்சுகின்றது. ஆய்வுகூடத்தில் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக இணைக்கும்போது இடையிடையே குறைத் தொடர்கள் தோன்றும். அவற்றை நீக்குவதே பெருஞ்செலவான பணி. நீக்காவிடின் உடலின் நிர்ப்பீடனத் தொகுதி அந்நியப் பொருளைக் கண்டு சீறலாம். பற்றீரியா இறந்த பின்னரும் அதன் சுவரிலுள்ள நச்சுப்பொருள் எஞ்சியிருந்து கடுங்காய்ச்சலையும் குருதியமுக்க வீழ்ச்சியையும் உண்டாக்கவல்லது. கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் திரவத்திலும் அது இருக்கலாம். 2025 ஜூலையில் லாஸ் வேகாஸ் நகரில் நீடித்த ஆயுளைப் பற்றி நிகழ்ந்த மாநாடொன்றில் பெப்டைட்டு ஊசி பெற்ற இரு பெண்கள், செயற்கைச் சுவாசம் வேண்டிய நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஆயுளை நீட்டிக்கச் சென்ற இடத்திலேயே அவர்கள் உயிருக்குப் போராட நேர்ந்தது.

அளவும் ஒரு பொறி. ஐந்து மில்லிகிராம் தூளில் இரண்டு மில்லிலீற்றர் நீர் சேர்த்தால், 250 மைக்ரோகிராம் வேண்டுவோர் 0.1 மில்லிலீற்றர் எடுக்க வேண்டும். இன்சுலின் ஊசிக் குழாயில் அது பத்தாம் கோடு. நீரை ஒரு மில்லிலீற்றராக மாற்றினால் அதே கோடு இருமடங்கைத் தரும். அக்கோடுகள் இன்சுலினுக்காக வரையப்பட்டவை. வேறெந்தப் பொருளின் அளவையும் அவை அறியா. கலவையாகத் தயாரித்த செமகுளுரைட்டை அளப்பதிற் பிழைத்து, வேண்டியதைப்போல் ஐந்து முதல் இருபது மடங்குவரை ஏற்றிக்கொண்டோர் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2024இல் எச்சரித்தது. அதே ஆண்டு ஜூனில், பிறேசில், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளிற் கண்டுபிடிக்கப்பட்ட போலிச் செமகுளுரைட்டு குறித்து உலக சுகாதார நிறுவனம் உலகுக்கு அறிவித்தல் விடுத்தது. செல்வ நாடுகளின் முறையான விநியோகத்தினுள்ளேயே போலி புகுமாயின், பயணப்பையில் வரும் குப்பிக்கு யார் பொறுப்பு?

இலங்கைக்கு இவ்வினா புதியதன்று. பேராதனையில் மருந்தியற் பேராசிரியராக விளங்கிய சேனக்க பிபிலே, மக்களுக்கு வேண்டியவை குறைந்த எண்ணிக்கையான, சோதித்தறியப்பட்ட, கட்டுப்படியான விலையிலுள்ள மருந்துகளே என்னும் கொள்கைக்காகப் போராடினார். 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராகவும் பணிபுரிந்தார். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைக்கப்பட்டது. ஆயினும் இவ்வமைப்புகள் பழுதற்றவை எனக் கூறுதல் உண்மைக்குப் புறம்பாகும். 2023இல் அரச வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்ட இம்யூனோகுளோபியுலின் ஊசி மருந்து தரமற்றது எனக் கண்டு மீளப்பெறப்பட்டது. அது தொடர்பில் முன்னர் சுகாதார அமைச்சராக இருந்தவர் 2024 பெப்ரவரியிற் கைது செய்யப்பட்டார்.

அரசின் முத்திரையே பொய்த்ததாயின், முத்திரையற்ற குப்பியைக் குறைகூறுவது எவ்வாறு என்று இளைஞர் கேட்கலாம். கேட்கத்தக்க கேள்வியே அது. ஆயின் அக்குற்றம் எவ்வாறு வெளியாயிற்று என்பதையும் நோக்க வேண்டும். மருந்துக்குத் தொகுதி இலக்கம் இருந்தது. வழங்கியவர் பெயர் பத்திரத்தில் இருந்தது. ஏற்றிய விடுதி கொப்பியில் இருந்தது. ஆகவே தேட முடிந்தது; நிறுத்த முடிந்தது; நீதிமன்றத்தின் முன் கொண்டுவர முடிந்தது. ஒழுங்கு என்பது தவறே நேராது என்னும் உறுதிமொழியன்று. தவறு நேர்ந்தால் அதன் சுவட்டைத் தொடர்ந்து சென்று ஒருவரைப் பொறுப்பாக்கலாம் என்பதே அதன் பெறுமதி. மகனின் குப்பியால் நாளை கேடு விளையுமாயின், விற்றவன் அச்சிட்ட வாசகம் ஒன்றே எஞ்சும்: மனிதப் பாவனைக்கு உரியதன்று. பொறுப்பு முழுவதையும் வாங்கியவன்மீது ஏற்றிவிடும் வாசகம் அது. ஆராய்ச்சிக்கு மாத்திரம் என்பதும் ஒருவகையில் உண்மையே. ஆராயப்படும் விலங்கு தானே என்பதை வாங்கியவன் அறிவதில்லை என்பதுதான் துயரம்.

நீண்டு வாழும் வேட்கை தமிழருக்குப் புதியதன்று. சித்தர் மரபு காயகற்பத்தைத் தேடிற்று. ஆயுளை நீட்டிக்கும் அரிய நெல்லிக்கனியைப் பெற்ற அதியமான், அதனைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்த செய்தி சங்கப் பாடலால் அறியப்படுவது. அக்கனி கொடையால் நினைக்கப்படுகின்றது; அதனால் எவர் எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என எவரும் கணக்கிடுவதில்லை. இன்றைய ஆயுள் வேட்கையோ தன்னுடல் என்னும் எல்லைக்குள் ஒடுங்கிவிடுகின்றது. அதிலும் ஒரு வேறுபாடு உண்டு. செல்வந்தன் இளமைக்காக வாங்கும் குப்பியையே, தொழிலாளி மறுநாள் வேலைக்குச் செல்வதற்காக வாங்குகின்றான். முன்னவனுக்கு ஊசி பிழைத்தால் தனியார் வைத்தியசாலை உண்டு. பின்னவனுக்கு விமானச் சீட்டே உண்டு. ஆகவே கட்டாரில் வாங்கிய அக்குப்பியை இளைஞனின் அறியாமை என்று மாத்திரம் கூறி நகர்தல் நீதியாகாது. காயத்துக்கு ஓய்வளிக்காத வேலையும், ஓய்வெடுத்தாற் சம்பளம் தராத ஒப்பந்தமும் அக்குப்பியை விற்க உதவின.

தந்தையின் வினா மகனின் மனத்தில் இருந்துகொண்டேயிருந்தது. ஒருநாள் இன்சுலின் ஊசிக் குழாய் வாங்கச் சம்மாந்துறைக்குச் சென்றவன், குடும்பத்துக்கு நெடுநாட் பழக்கமான மருந்துக் கடைக் காக்காவிடம் குப்பியைக் காட்டினான். அவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்திக் குப்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஆக்கியோன் முகவரி இல்லை, பதிவிலக்கம் இல்லை, தொகுதி இலக்கம் இல்லை. “இதுல ஊரும் இல்ல, பேரும் இல்லயே தம்பி” என்று கூறித் திருப்பிக் கொடுத்தார். அதற்கு மேல் அவர் அறிவுரை கூறவில்லை. தோளை ஒரு வைத்தியரிடம் காட்டினாயா என்று மாத்திரம் கேட்டார்.

அடுத்த வாரம் மகன் அரச வைத்தியசாலையின் வரிசையிற் காலை ஆறு மணிக்கு இலக்கம் பெற்று, பதினொரு மணிக்கு வைத்தியர் முன் அமர்ந்தான். தசைநார் முற்றாக அறவில்லை. பகுதியாகக் கிழிந்துள்ளது என்றார் அவர். இயன்மருத்துவப் பிரிவில் இறப்பர்ப் பட்டியை இழுக்கும் பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்தனர். விளம்பரத்துக்கு ஏற்ற சிகிச்சையன்று அது. மெதுவானது, சலிப்பூட்டுவது, மாதக்கணக்கில் நீள்வது. ஊசி ஏற்றிக்கொண்டதையும் அவன் மறைக்காது கூறினான். வைத்தியர் ஏசவில்லை, மருந்தின் பெயரையும் நாட்களையும் கேட்டு எழுதிக்கொண்டார். பெயரற்ற குப்பியின் கதை முதன்முறையாக ஒரு கொப்பியில் ஏறிற்று.

விடுமுறை முடிந்தபோது தோள் முற்றாகத் தேறியிருக்கவில்லை. கை காது மட்டத்துக்கு உயர்ந்தது. அதற்கு மேல் வலித்தது. களஞ்சிய மேற்பார்வையாளர் மெல்லிய வேலை தருவாரா என்பதும் தெரியவில்லை. புறப்படும் நாட்காலையில் அவன் தந்தைக்கு இருபது அலகு எடுத்துக் கொடுத்தான். பின்னர் தாயை ஜன்னலோரம் அழைத்து, குழாயின் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணக் கற்றுக்கொடுத்தான். தாய் இருமுறை பிழைத்து மூன்றாம் முறை சரியாக எடுத்தாள். பயணப்பையில் அவனுடைய புதிய கொப்பி துணிகளுக்கிடையே கிடந்தது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு குப்பி நின்ற இடம் வெறுமையாயிருந்தது.